சுபாவம் என்றொரு தீர்ப்பு

காரைக்கால் பகுதியின் நெடுங்காட்டில் நான் வளர்ந்த காலத்தில், ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சை முடித்துவைக்க ஊராருக்கு ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது. சுபாவம் என்பதே அந்தச் சொல். மாமியாரோடு ஒத்துப்போகாதவளுக்கும் அதுதான். குளத்தங்கரையில் எவரிடமும் பேசாமல் துணி துவைத்துவிட்டுப் போகிறவளுக்கும் அதுதான். பிள்ளை பெற்ற பின் நாள் முழுதும் அழுதுகொண்டிருந்தவளுக்கும் அதுதான். அந்தச் சொல் விழுந்த பிறகு மேற்கொண்டு எவரும் எதையும் கேட்பதில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல, சுபாவம் அப்படி என்றால் அழத்தான் செய்வாள் என்று பேச்சு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

இந்தச் சொல்லை எண்ணும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருகிறவர், காவிரியின் கடைமடையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் அமெரிக்கப் பெண்மணி. பெயர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன். பெண்களின் பொருளாதார விடுதலையைப் பற்றி உலகம் முழுதும் வாசிக்கப்பட்ட நூலை எழுதியவர், சொற்பொழிவாளர், தன்னந்தனியாக ஒரு மாத இதழை ஏழாண்டுகள் எழுதி வெளியிட்டவர். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு அவர் பெயர் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு சிறுகதையால் அறிமுகம். அந்தக் கதையின் வேர் அவருடைய சொந்த மகப்பேற்றில் இருக்கிறது. குழந்தை பிறந்த பின் வந்த மனச்சோர்வையும் அதற்குக் கிடைத்த மருத்துவத்தையும் இத்தனை தெளிவாகப் பதிவுசெய்துவிட்டுப் போனவர்கள் அவர் காலத்தில் மிகச் சிலரே.

அவர் பிறந்தது 1860 ஜூலை 3 அன்று, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில். அடிமை முறைக்கு எதிரான நாவலால் புகழ்பெற்ற ஹாரியட் பீச்சர் ஸ்டோ அவருடைய தந்தைக்குச் சித்தி முறை. பெரிய குடும்பம், ஆனால் அந்தப் பெருமையில் வயிறு நிறையவில்லை. நூலகராகவும் எழுத்தாளராகவும் இருந்த தந்தை ஃபிரெடரிக் பெர்கின்ஸ் குடும்பத்தை விட்டு விலகிப்போய்விட்டார். தாய் மேரி இரண்டு பிள்ளைகளோடு கடனிலும் உறவினர் தயவிலும் காலம் தள்ளினார். பதினெட்டு ஆண்டுகளில் பத்தொன்பது முறை வீடு மாறியதாக கில்மன் பிற்காலத்தில் கணக்குச் சொல்கிறார்.

தாயைப் பற்றி அவர் எழுதியிருக்கும் ஒரு செய்தி, படித்த நாளிலிருந்து என்னை விட்டு அகலவில்லை. கணவனின் அன்பை நம்பி ஏமாந்த அந்தத் தாய், தன் மகளுக்கும் அந்த நிலை வரக் கூடாதென்று நினைத்தார். அன்புக்குப் பழகாத பிள்ளை அன்புக்கு ஏங்காது என்பது அவர் முடிவு. ஆகவே மகளை அணைப்பதில்லை, கொஞ்சுவதில்லை. மகள் தூங்கிய பிறகு மட்டும் இரவில் வந்து தடவிக்கொடுப்பார். அந்தத் தொடுகைக்காகச் சிறுமி சார்லட் குண்டூசியால் தன்னைக் குத்திக்கொண்டு விழித்திருந்து, தாய் வரும்போது தூங்குவதுபோல் நடித்திருக்கிறாள். பிறர் அன்பு தன்னிடமிருந்து எந்த நேரமும் விலகிப்போகலாம் என்ற அச்சம், வாழ்நாள் முழுதும் அவருள் இருந்த ஒன்று. அதை அவருடைய சுபாவம் என்று சொல்வதா, அந்த வீடு கற்றுக்கொடுத்த பாடம் என்று சொல்வதா?

பதின்மூன்று வயதளவில் இன்னொன்றும் நடந்தது. சிறுமிக்கு மனத்துக்குள் ஒரு கற்பனை உலகம் இருந்தது; இரவில் படுத்ததும் அங்கே போய்விடுவாள். அது ஆபத்தானது என்று தோழி ஒருத்தி எச்சரித்ததைக் கேட்டுத் தாய் அதை நிறுத்தச் சொன்னார். மகள் கீழ்ப்படிந்தாள். கீழ்ப்படிய எவ்வளவு பாடுபட்டாள் என்பதை அந்தத் தாய் அறிந்திருக்க மாட்டார்.

இளம் வயதில் அவர் தன்னைத்தானே செதுக்கிக்கொண்ட விதம் வியப்பளிப்பது. ஒரு நேரத்தில் ஒரு நற்குணம் என்று எடுத்துக்கொண்டு, அது பழக்கமாகும் வரை நாள்தோறும் பயிற்சி செய்வார். குளிர்ந்த நீரில் குளியல், ஓட்டம், உடற்பயிற்சி. பிராவிடன்ஸ் நகரில் பெண்களுக்கான உடற்பயிற்சிக்கூடம் அமையத் தூண்டுகோலாக இருந்தார். ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியில் ஓவியம் படித்து, வணிக நிறுவனங்களின் விளம்பர அட்டைகளுக்குப் படம் வரைந்து சம்பாதித்தார். உலகுக்குத் தொண்டு செய்ய வேண்டும், அதற்குத் தன்னை ஒரு கருவியாகத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் உறுதி. தன்னிடம் ஒரு சிறு பிழையையும் பொறுத்துக்கொள்ளாத கண்டிப்பு, ஓயாத உழைப்பு, உள்ளே மறைத்த ஏக்கம் இவை மூன்றும் சேர்ந்தவர் அவர். நெருங்கிய தோழி மார்த்தா லூதர் திருமணம் செய்துகொண்டு விலகியபோது அவர் உடைந்துபோனார். கணவனை இழந்தவர்கள்கூட அப்படி வருந்தியிருப்பார்களா என்று அவருடைய வரலாற்றைப் படிக்கும்போது தோன்றுகிறது.

1882 ஜனவரியில் ஓவியர் சார்லஸ் வால்ட்டர் ஸ்டெட்சன் அறிமுகமானார். சில வாரங்களிலேயே திருமணம் கேட்டார், சார்லட் மறுத்தார். இல்லறமும் தான் நினைத்த பணியும் ஒரே வாழ்க்கைக்குள் அடங்குமா என்ற ஐயம் அவரை இரண்டாண்டுகளுக்கு மேல் அலைக்கழித்தது. கடைசியில் 1884 மே 2 அன்று மணம் நடந்தது. கருவுற்றதும் சோர்வு தலைகாட்டியது. 1885 மார்ச் 23 அன்று மகள் காதரின் பிறந்தாள்.

கைதேர்ந்த செவிலி ஒருவர் ஒரு மாதம் உடனிருந்தார். அவர் போனதும் சார்லட் சரிந்தார். மகளைப் பார்த்துக்கொள்ளத் தொலைவிலிருந்து தாய் மேரி வந்து சேர்ந்தார். வேலைக்குப் பெண் இருந்தாள். ஸ்டெட்சன் கொடுமைக்காரர் அல்லர். சமையலையும் வீட்டு வேலையையும் பகிர்ந்துகொண்டு, மனைவியைத் தேற்றியபடி இருந்தவர் என்று சார்லட்டே பதிவுசெய்திருக்கிறார். நல்ல கணவன், அழகான குழந்தை, துணைக்குத் தாய். இருந்தும் அவர் சாய்விருக்கையில் கிடந்து நாள் முழுதும் அழுதார். குழந்தையை மார்போடு அணைத்தால் மகிழ்ச்சி வராமல் வலி வந்தது. எல்லாம் இருந்தும் இப்படி இருக்கிறேனே என்று தன்னையே தூற்றிக்கொண்டார். காரணம் வெளியே தெரியாதபோது, காரணம் நானேதான் என்று முடிவுகட்டுவது இந்த நோயின் இயல்பு. தன்னைத் திருத்திக்கொள்வதையே தவமாகக் கொண்டிருந்த ஒருவருக்கு அந்த முடிவு இன்னும் எளிதில் வந்திருக்கும்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

1981இல் என் அக்கா தலைப்பிரசவத்துக்காக நெடுங்காட்டுக்கு வந்திருந்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது. அக்கா பட்டம் பெற்றவர்; எங்கள் தெருவில் அது அரிது. மார்கழியில் அவர் போடும் கோலத்தில் ஒரு புள்ளி விலகினால் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். வீட்டுச் செலவுக் கணக்கு அவர் கையெழுத்தில் அச்சடித்தாற்போல் இருக்கும். யாராவது முகம் சுளித்தால் இரண்டு நாளைக்கு அதையே நினைத்துக்கொண்டிருப்பார். பெண் குழந்தை பிறந்தது. தீட்டுக் கழித்த பின்னரும் அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளை தூங்கும்போதும் கண் கொட்டாமல் அதன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். தன் கைப்பிழையால் அது செத்துப்போகும் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுவார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பால் கொடுத்த நேரம், எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் என்று ஒன்று விடாமல் எழுதிவந்தார். அதன் ஓரங்களில் வேறு எதையோ நெருக்கமாக எழுதியிருப்பார்.

பச்சை உடம்புக்காரி படிப்பதும் எழுதுவதும் கண்ணுக்குக் கேடு என்பது அம்மாச்சியின் உறுதியான நம்பிக்கை. அந்த நோட்டையும் பேனாவையும் எடுத்து ஒளித்துவைக்கும் வேலை எனக்கு வந்தது. நான் அதைப் பத்தாயத்துக்குள் நெல்லின் மேல் போட்டு மூடினேன். அக்கா இரண்டு நாள் தேடினார். பிறகு தேடவில்லை, பிறகு பேசவும் இல்லை. லேகியமும் பூண்டுக் குழம்பும் பத்தியச் சோறும் வேளை தவறாமல் வந்தன. ஜன்னியாக இருக்குமோ என்று ஒரு பாட்டி பயந்தார். காய்ச்சல் இல்லாததால் அந்தப் பேச்சு ஓய்ந்தது. மிச்சம் இருந்தது சுபாவம் மட்டுமே. சின்ன வயதிலிருந்தே தொட்டாற்சிணுங்கி என்று ஊர் தீர்ப்புச் சொல்லி முடித்தது. எங்கள் வீட்டில் கெட்டவர் எவரும் இல்லை. எல்லோரும் அவரைக் காப்பாற்றவே பாடுபட்டோம்.

சார்லட்டுக்குத் திரும்புகிறேன். 1885 இலையுதிர்காலத்தில் அவரைக் காற்று மாற்றத்துக்காக மேற்கே அனுப்பினார்கள். குழந்தையைத் தாயிடமும் கணவரிடமும் விட்டுவிட்டுப் புறப்பட்டார். ரயிலின் சக்கரங்கள் சுழலத் தொடங்கிய நொடியிலிருந்தே மனம் லேசானதாக அவர் நினைவுகூர்கிறார். யூட்டாவில் அண்ணனைப் பார்த்தார். சான் பிரான்சிஸ்கோவில் தந்தையைப் பார்த்தார். பாசடீனாவில் தோழி கிரேஸ் சானிங்கின் குடும்பத்தோடு குளிர்காலத்தைக் கழித்தார். நாடகம் எழுதினார்கள், நடித்தார்கள், சிரித்தார்கள். நோய் போய்விட்டது என்றே நம்பினார். வசந்தத்தில் வீடு திரும்பினார்; ஒரு மாதத்துக்குள் பழைய இருட்டு முழுதாகத் திரும்பியிருந்தது.

நோய்க்குக் காரணம் சுபாவம்தான் என்று சொல்பவர்கள் இந்த ரயில் பயணத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சுபாவம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அதுவும் அவரோடு ரயில் ஏறியிருக்கும், பாசடீனாவிலும் இறங்கியிருக்கும். சூழல் மட்டுமே காரணம் என்று அடுத்த எல்லைக்கு ஓடுவதும் சரியாகாது. அதே பிராவிடன்ஸில், அதைவிட மோசமான வீடுகளில், எத்தனையோ பெண்கள் பிள்ளை பெற்று எழுந்து நடமாடியிருப்பார்கள். ஒருவரின் இயல்பும் அவர் நிற்கும் இடமும் ஒன்றோடொன்று உரசும் புள்ளியில்தான் தீ பிடிக்கிறது.

1887 வசந்தத்தில் அவர் பிலடெல்பியாவில் சைலஸ் வெய்ர் மிட்செல் என்ற மருத்துவரிடம் போனார். மிட்செல் சாதாரணமானவர் அல்லர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களின் நரம்புகளை ஆராய்ந்து, வெட்டுண்ட கை கால்கள் இன்னும் இருப்பதாக உணரும் நிலைக்குப் பெயர் சூட்டியவர். நாட்டின் முதன்மையான நரம்பியல் மருத்துவர். நரம்புத் தளர்ச்சி கொண்ட பெண்களுக்கு அவர் வகுத்த ஓய்வு மருத்துவம் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பேர்பெற்றது. வாரக்கணக்கில் படுக்கை, உறவினரிடமிருந்து பிரிவு, பாலும் கொழுப்பும் மிகுந்த உணவு, உடல் பிடித்துவிடுதல், மின்சாரத் தூண்டல். நோயாளி தானாகச் செய்ய எதுவும் இல்லை.

போகும் முன் சார்லட் தன் நோயின் வரலாற்றை ஒழுங்காக எழுதி அவருக்கு அனுப்பியிருந்தார். எப்போது தொடங்கியது, எப்போது கூடியது, எங்கே போனால் குறைந்தது என்று எல்லாம் அதில் இருந்தன. இன்றைய மனநல மருத்துவர் எவரும் அப்படியொரு குறிப்பு கிடைத்தால் மகிழ்வார். மிட்செலுக்கு அது அந்தப் பெண்ணின் தற்பெருமைக்குச் சான்றாகத்தான் பட்டது. பீச்சர் குடும்பத்துப் பெண்கள் இருவர் ஏற்கெனவே தன்னிடம் வந்திருப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். குடும்பமும் குணமும் சேர்ந்து நோயை விளக்கிவிட்டன. அவர் சொன்னதைக் கேட்க வேண்டிய தேவை முடிந்துவிட்டது. நெடுங்காட்டு மூதாட்டிகள் ஒரே சொல்லில் செய்ததைத்தான் அந்த மாமருத்துவரும் செய்தார்.

ஒரு மாத ஓய்வுக்குப் பின் உடம்பில் கோளாறு எதுவும் இல்லையென்று அவரை வீட்டுக்கு அனுப்பினார் மிட்செல். கூடவே ஒரு வாழ்க்கை விதியும் கொடுத்தார். இயன்றவரை வீட்டோடு இருக்க வேண்டும். குழந்தை எப்போதும் அருகில் இருக்க வேண்டும். ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். மூளை உழைப்பு நாளுக்கு இரண்டு மணிக்கு மேல் கூடாது. பேனாவையோ தூரிகையையோ பென்சிலையோ வாழ்நாள் முழுதும் தொடவே கூடாது.

சார்லட் வழக்கம்போல் கீழ்ப்படிந்தார். சில மாதங்களில் அவர் அறிவு தடுமாறும் விளிம்புக்கு வந்துவிட்டார். கந்தல் துணியில் பொம்மை செய்து கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருப்பார். மனம் தரும் வலியிலிருந்து ஒளிந்துகொள்ள அலமாரி அறைகளுக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் ஊர்ந்து செல்வார்.

அதே மிட்செல், நரம்புத் தளர்ச்சியோடு வந்த ஆண்களுக்கு வேறு மருந்து கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1885இல், அதாவது காதரின் பிறந்த அதே ஆண்டில், ஓவன் விஸ்டர் என்ற இளைஞரை அவர் வயோமிங்கின் புல்வெளிகளுக்கு அனுப்பினார். திறந்த வெளி, குதிரைச் சவாரி, வேட்டை. விஸ்டர் அங்கே பார்த்ததை எழுதத் தொடங்கி, பிற்காலத்தில் மேற்கு அமெரிக்க நாவல்களின் முன்னோடி என்று பெயர் பெற்றார். ஆணுக்குக் குதிரை, பெண்ணுக்குப் படுக்கை. சார்லட்டுக்குப் பாசடீனா பலித்தது எப்படி என்று மிட்செல் தன் குறிப்பேட்டிலேயே தேடியிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

1887 முடியும் முன் கணவனும் மனைவியும் பிரிவதென்று முடிவெடுத்தார்கள். மறு ஆண்டு சார்லட் மகளோடு பாசடீனாவுக்குக் குடிபெயர்ந்தார். 1890 கோடையில் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ எழுதப்பட்டது. மருத்துவரான கணவன், பிள்ளை பெற்ற மனைவியை ஓய்வுக்காக ஒரு மாடியறையில் வைத்து எழுதக் கூடாதெனத் தடுக்கிறான். அவளோ சுவரில் ஒட்டிய தாளின் கோலங்களுக்குப் பின்னே ஒரு பெண் ஊர்வதைக் காணத் தொடங்குகிறாள். பெரிய இதழொன்றின் ஆசிரியர், தான் அடைந்த துயரத்தைப் பிறருக்கும் கொடுக்க விரும்பவில்லை என்று சொல்லிக் கதையைத் திருப்பி அனுப்பினார். 1892 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மேகஸின் அதை வெளியிட்டது. ஒரு படியை மிட்செலுக்கும் சார்லட் அனுப்பினார். பதில் வரவில்லை. கதையைப் படித்து மிட்செல் தன் முறையை மாற்றிக்கொண்டதாகப் பின்னர் யாரோ சொல்லி அவர் மகிழ்ந்து எழுதினார். ஆராய்ந்தவர்களுக்கு அதற்கான தடயம் கிடைக்கவில்லை.

நான் அந்தக் கதையை எண்பதுகளின் கடைசியில் முதுகலை வகுப்பில் படித்தேன். குறியீடு, ஆணாதிக்கம், கதைசொல்லியின் நம்பகத்தன்மை என்று ஆசிரியர் விளக்கிக்கொண்டே போனார். எனக்கு நெல் வாசமும் பத்தாயத்தின் மரப்பலகையும் மட்டும் நினைவில் வந்தன. ஆனாலும் அந்த ஒப்புமையை நான் முழுதாக நம்பவில்லை. அக்காவின் நோட்டு அவரைத் தாங்கிய கழியா, அல்லது நோயே நோட்டின் வடிவில் வளர்ந்ததா? நிமிடம் நிமிடமாகப் பால் கணக்கு எழுதுவது பதற்றத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். இதை இன்றைக்கும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அதன் ஓரங்களில் என்ன எழுதியிருந்தார் என்று அன்று யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பது மட்டும் உறுதி.

பிள்ளைப்பேறு சார்ந்த மனநோய்கள் மருத்துவ உலகுக்குத் தெரியாதவையாகவும் இருக்கவில்லை. பாரிஸில் லூயி விக்டோர் மார்சே என்ற மருத்துவர், கருவுற்ற பெண்கள், பிள்ளை பெற்ற பெண்கள், பாலூட்டும் பெண்கள் ஆகியோரின் மனநோய்களை வகைப்படுத்தி 1858இலேயே தனி நூல் எழுதிவிட்டார். நெடுங்காடு பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த காலம் அது. ஆட்சியின் சட்டமும் பதிவேடும் எங்கள் ஊர் வரை வந்தன. மார்சேயின் நூல் வரவில்லை.

ஆளுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ச்சிகள் இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்கின்றன. கவலையும் குற்றவுணர்வும் எளிதில் பற்றிக்கொள்ளும் தன்மைக்கு உளவியலார் நியூரோட்டிசிசம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது மிகுந்த பெண்களுக்குப் பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு வரும் வாய்ப்பும் மிகுதி என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. பிறர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கூருணர்ச்சியும், தன்னிடம் பிழையே இருக்கக் கூடாது என்ற கண்டிப்பும் அந்த வரிசையில் சேர்கின்றன. பிழையின்றி ஒரு கோலம் போட முடியும். பிழையின்றி ஒரு கைக்குழந்தையை வளர்க்க எவராலும் முடியாது. அந்த வேறுபாட்டில்தான் சார்லட் போன்றவர்களும் என் அக்கா போன்றவர்களும் இடறி விழுகிறார்கள். ஆனால் அந்த இயல்பு உள்ள பெண்களில் பலருக்கு நோய் வருவதே இல்லை. இல்லாத சிலருக்கும் வருகிறது. ஆகவே அதை நோயின் காரணம் என்று சொல்வதைவிட, எந்தப் பெண்ணின் மேல் முன்கூட்டியே கண் வைத்திருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் என்று கொள்வதே பொருந்தும்.

நம் பக்கத்து ஆய்வுகள் வேறு திசையையும் காட்டுகின்றன. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தின் கிராமங்களில் கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியான ஆய்வில், நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் பேற்றுக்குப் பின் மனச்சோர்வு புதிதாகத் தோன்றியிருந்தது. வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைவேலைக்குத் துணையின்மை ஆகியவை அந்தப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்பட்டன. அதே ஆண்டு கோவாவிலிருந்து வந்த ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது. இந்தியா முழுதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் வந்த கட்டுரை, பிள்ளை பெற்ற பெண்களில் 22 விழுக்காட்டினருக்கு இந்தச் சோர்வு இருப்பதாக மதிப்பிட்டது. ஐந்தில் ஒருவருக்கும் மேல். ஐந்தில் ஒரு பெண்ணுக்குச் சுபாவம் கெட்டுவிட்டது என்று எந்த ஊர் சொல்ல முடியும்?

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எடின்பரோ அளவுகோல் என்று 1987இல் வெளியான வினாத்தாளில் பத்தே கேள்விகள். அதன் தமிழ் வடிவமும் நம் கிராமப் பெண்களிடமே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. எடையும் இரத்த அழுத்தமும் இரும்புச்சத்தும் தவறாமல் குறிக்கப்படும் கர்ப்பிணி அட்டையில் அந்தப் பத்துக் கேள்விகளுக்கு இடம் கொடுக்க முடியாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் குழந்தையையும் சேர்த்தே அனுமதித்து மருத்துவம் செய்யும் பிரிவு 2009 முதல் இயங்குகிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையை, மனநல நிலையத்தில் இருக்கும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாதென்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இந்த விதியைப் படித்தபோது எனக்கு காதரினின் நினைவு வந்தது.

1894இல் மணமுறிவு கிடைத்தது. ஸ்டெட்சன் அதே ஆண்டு சார்லட்டின் உயிர்த்தோழியான கிரேஸ் சானிங்கை மணந்தார். அந்த மணத்துக்குச் சார்லட் மனமார வாழ்த்துச் சொன்னார். கையில் காசில்லை, வேலை ஓயவில்லை, நோயும் அவ்வப்போது திரும்பியது. ஒன்பது வயது மகளைத் தந்தையிடமே அனுப்பிவைத்தார். ஊர் கொதித்தது. பெற்ற மகளைத் துறந்தவள் என்று செய்தித்தாள்கள் எழுதின. மகளை மறக்கவில்லை என்பதை அவர் எவரிடமும் நிரூபிக்க முயலவில்லை. தாயும் சேயும் சேர்ந்திருக்கும் காட்சியைக் கண்ணீரின்றிப் பார்க்க முடியாத நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்ததென்று வெகு காலத்துக்குப் பின் தன் வரலாற்றில் எழுதினார்.

எந்தக் குணங்கள் அவரைச் சரித்தனவோ, அவையே அவரைத் தூக்கியும் நிறுத்தின. 1898இல் வெளியான ‘பெண்களும் பொருளாதாரமும்’ என்ற நூல் பல மொழிகளுக்குப் போயிற்று. 1900இல் உறவினரான ஹூட்டன் கில்மனை மணந்தார். இம்முறை வீட்டு வேலை தன் வேலையை விழுங்காதபடி முன்கூட்டியே பார்த்துக்கொண்டார். 1909 முதல் 1916 வரை நடத்திய இதழில் கதை, கட்டுரை, கவிதை எல்லாம் அவர் கைப்படவே. அவரை நான் வழிபடவில்லை. கறுப்பினத்தவரைப் பற்றியும் குடியேறிகளைப் பற்றியும் அவர் எழுதியவற்றில் சில, படிக்கவே கூசுபவை. 1908இல் சமூகவியல் இதழொன்றில் கறுப்பினத்தவருக்குக் கட்டாய உழைப்பு முறையை முன்மொழிந்தவர் அவர். வீட்டுக்குள் அடைபட்ட பெண்ணின் வலி தெரிந்தவருக்கு அது ஏன் தெரியாமல் போயிற்று என்று கேட்டால் என்னிடம் விடையில்லை.

1932இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1934இல் கணவர் இறந்ததும் மகள் வாழ்ந்த பாசடீனாவுக்கே போனார். 1935 ஆகஸ்ட் 17 அன்று, நோய் முற்றிய நிலையில், தன் முடிவைத் தானே தேர்ந்துகொண்டார். தன் வரலாற்று நூலை முடித்து வைத்திருந்தார். அது அதே ஆண்டு வெளிவந்தது.

அக்கா தேறினார். எப்படி என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆறேழு மாதம் கழித்துத் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் கணக்குப் பாடம் கேட்டு வந்தார்கள். சாயங்காலங்களில் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அடுத்த குறுவை நடவுக்கு முன் கணவர் வீட்டுக்குப் போய்விட்டார். நோட்டு அந்த ஆண்டு அறுவடையின்போது பத்தாயத்தைத் துப்புரவு செய்கையில் வெளியே வந்தது; அம்மா அதை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனதை நான் பார்த்தேன்.

இந்தக் கட்டுரைக்காகப் பழைய புத்தகங்களை மறுபடி எடுத்தபோது அக்காவிடம் சார்லட்டின் கதை முழுவதையும் சொன்னேன். பத்தாயத்தைப் பற்றியும் முதன்முறையாகச் சொன்னேன். நோட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மிட்செலைப் பற்றியும் கேட்கவில்லை. அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டார். ஓவியராக வளர்ந்தாள், தொண்ணூறு வயதுக்கு மேல் வாழ்ந்தாள், தாயின் கடைசிக் காலத்தில் அதே ஊரில்தான் இருந்தாள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்துத் தெருவிலா, நடந்துபோகிற தூரமா என்று மறுபடி கேட்டார்.